மூட்டும் மசகும்

நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும் மாட்டு வண்டி கிறீச்சிடுமாயின், வண்டிக்காரர் அதனை ஓரமாக நிறுத்திச் சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, அச்சுக்கு மையிடுவார். அங்ஙனம் செய்யாவிடின் அச்சும் குடமும் ஒன்றோடொன்று உராய்ந்து சூடேறும். மாடுகள் வீணே களைக்கும். நாளடைவில் அச்சு தேய்ந்துபோகும். இரும்பாலாகிய அச்சுக்கே இந்நிலை. ஆயின், அவ்வண்டியின் பக்கத்தே நடந்து வரும் வண்டிக்காரருடைய இடுப்பிலும் முழங்காலிலும் உள்ள மூட்டுகளுக்கு மையிட்டவர் யார்? அவருக்கு வயது அறுபது இருக்கலாம். நாள்தோறும் நடக்கும் ஒருவருடைய ஒவ்வொரு காலும் ஓராண்டில் ஏறத்தாழப் பத்து இலட்சம் அடி எடுத்து வைக்கின்றது. அத்தனை முறையும் மூட்டு மடங்கி நிமிர்கின்றது. எந்த ஆண்டிலும் அதனைக் கழற்றி எண்ணெய் இட்டார் இலர்.

மூட்டு சுமக்கும் சுமையும் சிறிதன்று. ஐம்பது கிலோகிராம் எடையுள்ள மாணவன் ஒருவன் நடக்கும்பொழுது, அவனுடைய இடுப்பு மூட்டின்மேல் அமர்வது ஐம்பது கிலோகிராம்தான் என்று நாம் எண்ணுவோம். உண்மை அதுவன்று. ஒற்றைக் காலில் ஊன்றியிருக்கும் அந்நொடியில், உடலின் எடை அம்மூட்டுக்கு உட்புறமாக விழுகின்றது. உடல் அப்பக்கமாகச் சாய்ந்துவிடாதபடி, மூட்டின் வெளிப்புறத்தே உள்ள தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. தசைகள் மூட்டுக்கு மிக அருகில் இருப்பதால், எடையைவிட மிகுதியான வலிமையோடு அவை இழுக்கவேண்டும். துலாக்கோலின் நடுவிடம் இரு தட்டுகளின் பாரத்தையும் தாங்குவது போல, மூட்டானது உடலின் எடையையும் தசைகளின் இழுப்பையும் ஒருங்கே தாங்குகின்றது. செயற்கை மூட்டு வைக்கப்பெற்ற நோயாளிகளின் மூட்டுக்குள்ளேயே அளவு கருவிகளைப் பொருத்திப் பெர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர் இதனை அளந்துள்ளனர். சமதரையில் நடக்கும்போது இடுப்பு மூட்டு உடலெடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு தாங்குகின்றது. கால் இடறித் தடுமாறும்போது அது பன்மடங்காகப் பெருகும்.

இத்துணைச் சுமையின்கீழ் இருந்தும் மூட்டு எளிதில் வழுக்குவது எங்ஙனம்? அதனை அறியுமுன் மூட்டின் அமைப்பை நோக்குதல் வேண்டும்.

இறைச்சிக் கடையில் ஆட்டின் கால் மூட்டைப் பிரிக்கும்போது உற்று நோக்கியவர்கள், எலும்பின் முனையில் நீலம் கலந்த வெண்மையான, பளபளப்பான ஒரு மேற்பூச்சைக் கண்டிருப்பார்கள். விரலால் தொட்டால் அது வழுவழு என்று நழுவும். அதுவே குருத்தெலும்பு. நம் முழங்காலில் அது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர்த் தடிப்புடையது. முழங்காற் சில்லின் உட்புறத்தே அதனினும் தடித்திருக்கும். எலும்பும் எலும்பும் நேரே தொடுவதில்லை. குருத்தெலும்பும் குருத்தெலும்புமே தொடுகின்றன. மூட்டினைச் சுற்றி ஓர் உறை உண்டு. அதன் உட்புறத்தை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கின்றது. அச்சவ்வு சுரப்பதே மூட்டுநீர். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சசு என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் இதற்குச் ‘சைனோவியா’ என்று பெயரிட்டார் என்பர். முட்டையின் வெண்கருவை ஒத்தது என்பது அப்பெயரின் கருத்து. பொருத்தமான பெயர்தான். எனினும், நலமான முழங்காலில் இந்நீர் ஒரு தேக்கரண்டி அளவுகூட இராது.

விரல்களை நெட்டி முறிக்கும் பழக்கமுடைய மாணவர் பலர் உளர். அப்போது எழும் ஓசை எலும்பு தேயும் ஓசை என்று அஞ்சுவாரும் உளர். அது எலும்பின் ஓசையன்று. மூட்டு திடீரென அகலும்போது, மூட்டுநீரில் கரைந்திருந்த வளி குமிழியாவதோடு தொடர்புடைய ஓசையே அது. இது நிற்க.

எண்ணெயின் இயல்பை முதலில் செம்மையாக அறிந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர்; பொறியாளர்களே. இங்கிலாந்தில் பூசாம்பு டவர் என்பவர், 1883-ஆம் ஆண்டில் புகைவண்டிகளின் அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்தார். தாங்கியின் உச்சியில் எண்ணெய் ஊற்றுவதற்கென அவர் ஒரு துளையிட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், எண்ணெய் உள்ளே செல்வதற்கு மாறாக அத்துளை வழியே மேலே பொங்கி வழிந்தது. துளையை அடைப்பானால் அடைத்தார். அடைப்பான் வெளியே தள்ளப்பட்டது. சுழலும் அச்சு எண்ணெயைத் தனக்கும் தாங்கிக்கும் இடையே இழுத்துச் செல்கின்றது என்பதும், அங்கே எழும் பேரழுத்தமே சுமையைத் தாங்குகின்றது என்பதும் இதனால் வெளியாயின. மான்செசுடர் நகரத்துப் பேராசிரியர் ஆசுபோர்ன் ரெனால்ட்சு, 1886-இல் இதற்குக் கணித விளக்கம் தந்தார். அச்சும் தாங்கியும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. அவை எண்ணெய்ப் படலத்தில் மிதக்கின்றன என்பது அவ்விளக்கத்தால் பெறப்பட்டது.

இவ்விளக்கத்தை மூட்டுக்கும் பொருத்திப் பார்ப்பது இயல்பே. மக்கனைல் என்னும் உடற்கூற்று அறிஞர் 1932-இல் அதனைச் செய்தார். மூட்டுநீரும் எலும்பு முனைகளுக்கிடையே ஆப்புப் போல் நுழைந்து அவற்றைப் பிரித்து நிறுத்துகின்றது என்பது அவர் கருத்து. கேட்பதற்கு இஃது அழகாகவே உள்ளது. ஆனால் ஓர் இடர் உண்டு. எண்ணெய்ப் படலம் உண்டாக வேகம் வேண்டும். புகைவண்டியின் அச்சு ஒரே திசையில் விடாது சுழல்கின்றது. நம் மூட்டோ ஓரடிக்கு ஒருமுறை நின்று திரும்புகின்றது. நெடுநேரம் அசையாது நின்ற காவலர் முதல் அடி எடுத்து வைக்கும்போது, படலம் முழுதும் பிதுங்கிப் போயிருக்குமன்றோ? அவருடைய மூட்டு அப்போது சிக்கிக்கொள்ள வேண்டும். அங்ஙனம் சிக்குவதில்லை.

இவ்வினாவைக் கையில் எடுத்தவர்களுள் சான் சார்ன்லி என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் ஒருவர். அவர் இதில் இறங்கிய வரலாறு சுவையானது. பாரிசு நகரத்துச் சூதே உடன்பிறந்தார் இருவர், தொடை எலும்பின் பழுதுற்ற தலையை நீக்கிவிட்டு, அக்ரிலிக் என்னும் பிளாசுடிக்காலாகிய தலையைப் பொருத்தும் முறையை 1946-ஆம் ஆண்டளவில் கொண்டுவந்தனர். அத்தகைய மூட்டுப் பெற்ற ஒருவர் சார்ன்லியிடம் வந்தார். அவர் முன்னே குனியும்போதெல்லாம் இடுப்பு மூட்டு உரக்கக் கிறீச்சிட்டது. உணவு மேசையில் அமர்ந்து குனிந்தாலும் அவ்வோசைதான். அவருடைய மனைவியார் அவரோடு ஒரே அறையில் இருக்கவே விரும்பவில்லையாம். பிறர் கேட்டு நகைத்திருக்கக்கூடிய செய்தி. ஆயின் சார்ன்லி வேறுவகையாக எண்ணினார். மூட்டு கிறீச்சிடுகின்றது எனின் அங்கே உராய்வு மிகுதி. மூட்டுநீர் அதே உடலில் இருந்தும் பிளாசுடிக்குக்கு அது மசகாகவில்லை. ஆகவே இயற்கை மூட்டின் வழுக்கல் நீரில் மட்டும் இல்லை.

உராய்வை அளப்பதற்கு ஓர் எண் உண்டு. தரையிலுள்ள ஒரு பொருளை இழுக்க வேண்டிய விசையை, அப்பொருளின் எடையால் வகுத்தால் வரும் எண்ணே அது. உராய்வுக் குணகம் என்பர். நூறு கிலோகிராம் எடையுள்ள பெட்டியை மரத்தரையில் இழுக்க முப்பது, நாற்பது கிலோகிராம் எடைக்கு ஒத்த விசை வேண்டியிருக்கும். சார்ன்லி, அறுவையில் நீக்கப்பட்ட ஒரு காலின் கணுக்கால் மூட்டை ஊசலின் சுழல்தானமாக அமைத்து, அது ஆடி ஆடி ஓய்வதை அளந்தார். அதே நூறு கிலோகிராமுக்கு அங்கே வேண்டியது ஒன்றிரண்டு கிலோகிராமுக்கு ஒத்த விசையே என்று தெரிந்தது. பனிக்கட்டித் தரையில் சறுக்குவோரின் வழுக்கலுக்கு இஃது இளைத்ததன்று. மேலும், ஊசலின் ஆட்டம் ஒவ்வொரு வீச்சிலும் ஒரே அளவாகக் குறைந்து வந்தது. நீர்ப்படலத்தில் மிதக்கும் ஊசலாயின், வேகம் மிகுந்தபோது மிகுதியாகவும் தளர்ந்தபோது குறைவாகவும் குறைய வேண்டும். ஆகவே இது மிதத்தல் அன்று. பரப்பின் வழுக்கலே என்று அவர் முடிவு செய்தார்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1959-இல், மக்கச்சன் என்னும் அமெரிக்க இயற்பியலார் வேறொரு திசையில் நோக்கினார். மூட்டில் நீர் எங்கே உள்ளது? மூட்டு இடைவெளியில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஆயின் குருத்தெலும்புக்குள்ளே? அதன் எடையில் நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கு நீரே. பார்வைக்குத் திண்ணிய பொருளாகத் தோன்றும் அது, உண்மையில் நீர் நிரம்பிய ஒரு கடற்பஞ்சு. இத்தகைய பஞ்சு அழுத்தப்படும்போது யாது நிகழும் என்பதே அவர் கேட்ட கேள்வி.

நீர் நிரம்பித் தைக்கப்பட்ட தோற்பை ஒன்றின்மேல் ஒருவர் ஏறி நிற்கின்றார் என்க. அவரைத் தாங்குவது தோல் அன்று, உள்ளிருக்கும் நீரே. நீர் அழுத்தத்தால் சுருங்காது. வெளியேற வழியும் இல்லை. ஆகவே அது தாங்கியே ஆகவேண்டும். பையில் ஊசித் துளைகள் இருப்பின், நீர் கசிந்து வெளியேறும் வரையில் அது தாங்கும். குருத்தெலும்பின் நிலையும் இதுவே. அதன் துளைகளோ நாம் எண்ணிப்பார்க்கவும் அரியன: மயிரிழையின் பருமனில் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவினவே. அத்துளைகள் வழியே நீர் மிக மெதுவாகவே நகர முடியும். எனவே, மூட்டின்மேல் சுமை விழுந்தவுடன், குருத்தெலும்புக்குள் சிறைப்பட்ட நீரின் அழுத்தம் உயர்ந்து, சுமையை அந்நீரே ஏற்றுக்கொள்கின்றது. தொடும் பரப்பில் நாரும் நாரும் உராய்வதற்கு எஞ்சும் சுமை சிறிதே. பிற்காலத்தார் நுண்கருவிகளால் அளந்தபோது, சுமை ஏறிய தொடக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் நீரே தாங்குவது தெரியவந்தது.

மக்கச்சன் விலங்கின் குருத்தெலும்பைக் கண்ணாடியின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். முதலில் உராய்வு மிகக் குறைவாக இருந்தது. சுமையை அகற்றாமலே நெடுநேரம் வைத்திருந்தபோது, நீர் சிறிது சிறிதாகக் கசிந்தது. உராய்வும் படிப்படியாக உயர்ந்தது. சுமையை நீக்கிக் குருத்தெலும்பை நீர் பருக விட்டவுடன், பழைய வழுக்கல் மீண்டது. வண்டி அச்சில் சுமை ஏற ஏற மசகு பிதுங்கித் தொலைகின்றது. மூட்டிலோ, சுமை விழும் அந்நொடியே மசகு பிறக்கும் நொடியாயிற்று. நான் அறிந்த அளவில், உடலைப் பற்றிய ஆராய்ச்சிகளுள் இதனினும் வியப்பானது அரிது.

பிழியப்பட்ட நீர் திரும்பி வருவது எதனால்? குருத்தெலும்புக்குள் இரு பொருள்கள் ஒன்றோடொன்று இழுபறி நடத்துகின்றன. ஒன்று, சீப்பின் பற்கள் போலக் கிளைத்த பெரிய மூலக்கூறுகள். அவை எதிர் மின்னூட்டம் உடையவை, ஒன்றையொன்று விலக்குவன, நீரை இடையறாது இழுப்பன. மழைக்காலத்து மரக்கதவு போல அவை ஊதிப் பெருக்க முயல்கின்றன. மற்றொன்று கொலாசன் என்னும் நார். அது வலை போலப் பின்னி நின்று அவற்றைப் பெருக விடாது தடுக்கின்றது. இந்த இழுபறியினால் குருத்தெலும்பு எப்போதும் விம்மிய நிலையிலேயே உள்ளது. சுமை நீங்கும்போதெல்லாம் அது நீரை உறிஞ்சிக்கொள்ளும். நடையில் ஒரு கால் தரையில் ஊன்றியிருப்பது ஒரு நொடிக்கும் குறைவு. நீர் கசிந்து தொலைவதற்கு அந்நேரம் போதாது; கசிந்த சிறிதளவும் கால் மேலெழும்போது திரும்பிவிடும்.

அங்ஙனமாயின் மூட்டுநீர் வீணோ? வீணன்று. அதிலுள்ள ஹயலூரானிக் அமிலம், கார்ல் மேயர், சான் பாமர் என்னும் இருவரால் 1934-இல் மாட்டின் கண்ணிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. மூட்டுநீருக்குக் கொழகொழப்பைத் தருவது அதுவே. மெல்ல அசையும்போது கெட்டியாகவும் விரைந்து அசையும்போது இளகியும் இருப்பது அந்நீரின் இயல்பு. ஆயினும், ஒரு நொதியால் இவ்வமிலத்தைச் சிதைத்து, மூட்டுநீரைத் தண்ணீர் போல் ஆக்கிய பின்னரும் குருத்தெலும்பு நன்கு வழுக்கியது என்பதை 1968-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். வழுக்கலைக் காக்கும் வேறு பொருள் ஒன்று அதில் இருத்தல் வேண்டும் என்று தேடிப் பிரித்தனர். லூப்ரிசின் என்பது அப்பொருளின் பெயர். அது ஒரு புரதம். குருத்தெலும்பின் மேற்பரப்பில் மெல்லிய தூரிகை போல் ஒட்டி நின்று, நீரைத் தன்னகத்தே பிடித்துக்கொண்டு, பரப்பும் பரப்பும் ஒட்டாதபடி காக்கின்றது. இதனை உண்டாக்கும் மரபணு பழுதுற்றுப் பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலர் உளர் என்பது 1999-இல் தெரிந்தது. அவர்களுடைய மூட்டுகள் இளமையிலேயே கெடுகின்றன. ஆகவே சார்ன்லி கூறிய பரப்பின் வழுக்கலும் பொய்யன்று. மக்கச்சன் கூறிய நீரின் அழுத்தமும் பொய்யன்று. விரைந்த அசைவில் மக்கனைல் கருதிய படலமும் ஓரளவு துணைசெய்யக்கூடும். இவர்கள் தம்முள் வாதிட்ட காலத்தில், ஒருவர் மெய் மற்றவர்க்குப் பொய்யாகத் தோன்றிற்று.

இனி, இதில் கவலைக்குரிய பகுதி ஒன்று உண்டு. குருத்தெலும்பில் குருதிக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. குருதிக் குழாய் இருப்பின் சுமையால் நசுங்கும். நரம்பு இருப்பின் ஒவ்வோர் அடியும் வலிக்கும். இல்லாமை ஒருவகையில் நன்மையே. ஆனால் குருதி செல்லாத இடத்தில் காயம் ஆறுவது அரிது. வில்லியம் அண்டர் என்னும் மருத்துவர், குருத்தெலும்பைப் பற்றி 1743-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே, ஒருமுறை அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்பதைக் குறித்திருக்கின்றார். அதன் பிறகு மருத்துவம் எவ்வளவோ வளர்ந்தும், அழிந்த பரப்பை முன்போல் முழுதும் வளர்த்துத் தர இன்னும் இயலவில்லை. நரம்பின்மையால், தேய்வு தொடங்கும்போது வலியும் தோன்றாது. வலி தோன்றும்போது தேய்வு வெகுதூரம் சென்றிருக்கும்.

குருதி இன்றேல் குருத்தெலும்பு உண்பது யாது? நீர் உள்ளும் புறமும் போய்வரும்போது, அதனோடு கரைந்து வரும் உணவே அதன் உணவு. மூட்டு அசைந்தால் அதற்கு உணவு. அசையாது கிடந்தால் பட்டினி. எலும்பு முறிந்து நெடுங்காலம் கட்டுக்குள் கிடந்த காலில், குருத்தெலும்பு மெலிந்தும் மென்மையுற்றும் போவதைக் கண்டிருக்கின்றனர். நடந்தால் மூட்டு தேயும் என்று எண்ணி, முழங்காலைக் காப்பதற்காக நடப்பதையே விட்டுவிடும் பெரியோர் நம் வீடுகளில் உண்டு. வண்டி அச்சுக்குப் பொருந்தும் கணக்கு அது, மூட்டுக்குப் பொருந்தாது. உடல் நலத்துக்காக அளவோடு ஓடுவோரிடத்தில், உட்கார்ந்தே இருப்போரைவிட முழங்கால் தேய்வு மிகுதியாகக் காணப்படவில்லை.

அடிபட்ட மூட்டின் கணக்கு வேறு. சடுகுடுவிலும் கால்பந்திலும், ஊன்றிய காலின்மேல் உடல் சட்டெனத் திரும்பும்போது, முழங்காலுக்குள் உள்ள பிறை வடிவமான குருத்தெலும்பு கிழிவதுண்டு. வளைந்த தொடை எலும்புக்கும் தட்டையான கீழ்க்கால் எலும்புக்கும் இடையே இருந்து, சுமையை அகன்ற பரப்பில் பரப்புவது இப்பிறையின் தொழில். முற்காலத்து மருத்துவர் பலர், இது பயனற்ற எச்சம் என்று கருதிக் கிழிந்தவுடன் முழுதும் வெட்டி எறிந்தனர். அங்ஙனம் வெட்டப்பட்ட முழங்கால்களில் பின்னர்த் தோன்றும் மாறுதல்களை, பேர்பாங்கு என்னும் ஆங்கில மருத்துவர் 1948-இல் எடுத்துக்காட்டினார். சுமை சிறிய இடத்தில் குவிந்ததால் மூட்டு விரைவில் சீர்கெட்டது. ஆயினும் அவ்வறுவை அதன் பின்னரும் பல்லாண்டு நடைபெற்று வந்தது. இன்று பிறையைத் தைத்துக் காக்கவும், இயலாதவிடத்துச் சிறிதளவே நீக்கவும் முயல்கின்றனர். முழங்கால் வீங்கிய ஆட்டக்காரனை, “ஒன்றுமில்லை, ஆடு” என்று களத்துக்குள் அனுப்புவோர்க்கு இச்செய்தி தெரியாது போலும்.

சார்ன்லியின் கதைக்குத் திரும்புவோம். கெட்ட மூட்டை மாற்றுவதே அவர் நோக்கம். தாமே வழுக்கும் பொருள் ஒன்று வேண்டும் என்று தேடி, டெப்லான் என்னும் பிளாசுடிக்கைத் தேர்ந்தார். நோயாளிகள் வலி நீங்கி நடந்தனர். ஆனால் சில ஆண்டுகளில் டெப்லான் தேய்ந்து, அதன் துகள் மூட்டைச் சுற்றிய தசையைப் புண்படுத்தியது. அவர் அப்பொருளைக் கைவிட நேர்ந்தது. 1962-இல், விற்பனையாளர் ஒருவர் பாலிதீன் வகையைச் சேர்ந்த கெட்டியான ஒரு பொருளின் துண்டைக் கொண்டுவந்தார். சார்ன்லி அதனை நகத்தால் கீறிப் பார்த்து, உதவாது என்று ஒதுக்கிவிட்டார். அவருடைய பட்டறையிலிருந்த ஆரி கிரேவன் என்னும் தொழில்வினைஞர் மட்டும், தலைவர் வெளியூர் சென்றிருந்த சமயத்தில் அதனைத் தேய்மானப் பொறியில் ஏற்றி ஓடவிட்டார். நாள்கள் பல ஓடியும் தேய்வு மிகச் சிறிதாகவே இருந்தது. திரும்பி வந்த சார்ன்லி அதனைக் கண்டார். அவ்வாண்டு நவம்பர் முதல் அப்பொருளையே அவர் பயன்படுத்தலானார். இன்று உலகெங்கும் பொருத்தப்படும் செயற்கை இடுப்பு மூட்டுகள் அவர் வகுத்த வழியில் வந்தவையே.

எனினும், பாலிதீனுக்குள் நீர் இல்லை. சுமையின்கீழ் அது எதனையும் சுரப்பதில்லை. உலோகம் அதன்மேல் உராயும் உராய்வு, குருத்தெலும்பின் உராய்வைப் போலப் பல மடங்கு. இதனைச் சார்ன்லி நன்கு அறிந்திருந்தார். நம் தொடை எலும்பின் தலை ஏறத்தாழ நாற்பத்தைந்து, ஐம்பது மில்லிமீட்டர்க் குறுக்களவு உடையது. அவர் பொருத்திய உலோகத் தலையின் குறுக்களவோ இருபத்திரண்டு மில்லிமீட்டர்தான். உருண்டை சிறியதாயின், உராய்வு மூட்டைத் திருக முயலும் வலிமையும் சிறியதாகும். மசகினால் பெற முடியாததை, அவர் உருண்டையைப் பாதியாகக் குறைத்துப் பெற்றுக்கொண்டார்.